ஜன்னலோர சீட்டு

தட்டில் சோறு விழுகிறபோதே அய்யாக்கண்ணுவின் வலது கால் தரையை அழுத்தத் தொடங்கிவிடும். தெருவில் ஒரு ஆடு கத்தினால் இன்னும் பலமாக அழுத்தும். "வூட்டுக்குள்ள எவன் குறுக்க வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி சிந்தாமணி ரசம் ஊற்றுவாள். தூக்கத்தில் அவள் முழங்கையைப் பிடித்து கியர் மாற்றுகிற மனிதர்.

குன்னம் வழியாகப் பெரம்பலூருக்கும் அரியலூருக்குமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறார். போட்டிக் கம்பெனி வண்டி பின்னாலேயே வரும். அது முந்திவிட்டால் குன்னத்துக் கூட்டம் முழுவதும் அதில் ஏறிவிடும். அப்புறம் ஷெட்டில் முதலாளியின் ஏச்சைக் கேட்க வேண்டும். "வண்டி ஓட்டுறியா, மாடு மேய்க்கிறியா?" பின்னால் ஹாரன் கேட்டதும் அய்யாக்கண்ணு மூச்சை அடக்கிக்கொள்வார். "மூச்ச விடுங்கண்ணே" என்பான் கண்டக்டர் செல்லதுரை.

வயிறு புண்ணாகிவிட்டது. பையில் மோர் பாட்டில் இல்லாமல் கிளம்புவதில்லை. இப்படியே போனால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான், வேகத்தைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். "யார்ட்ட சார் சொல்றீங்க? பின்னாடி வர்றவன்கிட்ட சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு வந்தார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறாரே, தோளில் சாய்ந்தும் கம்பியில் முட்டியும் தூங்குகிற சனங்கள்! "ஒரு நாளு நானும் அப்படி வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கணும்டா" என்பார் செல்லதுரையிடம்.

அதற்காகவே ஓய்வு நாளில் சிந்தாமணியோடு விக்கிரமங்கலம் பஸ் ஏறுவார். அது அவள் பிறந்த ஊர். ஜன்னலோரம் அவருக்கு. வெயில் படாத பக்கம், முந்திரித் தோப்புக் காற்று, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தூக்கம் மட்டும் வராது.

போன வாரமும் அப்படித்தான். வளைவில் ஒரு கட்டை வண்டி எதிர்ப்பட்டதும் அவர் கால் பஸ்ஸின் தரைப் பலகையை ஓங்கி மிதித்தது. டிரைவர் குழந்தைவேல் திரும்பாமலே சொன்னான்: "அங்கேருந்து பிரேக் போட்டா இங்க நிக்காதுண்ணே."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிந்தாமணி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்தின் மேல் வைத்தாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் அடியிலிருந்த கால் ஒருமுறை துள்ளியது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.