திருப்பி வைத்த கண்ணாடித் தகடு

நான் ஒரு பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறையில் திரை நிறைய ஒரு பழைய புகைப்படம் விரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் குனிந்து என் பொய்யைத் தங்கள் நோட்டுகளில் எழுதிக்கொண்டார்கள். தாளில் பேனாக்கள் ஓடிய சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஒருவர் மட்டும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வேண்டாம். குருவிகுளம் டீச்சர் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியம், ஊரில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் பரணில் இருந்த மரப்பெட்டிகள். உள்ளே பிலிம் சுருள் வருவதற்கு முந்தைய காலத்துக் கண்ணாடித் தகடுகள். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் மருந்து பூசி மங்கலாக இருக்கும். அந்த மருந்துக்குள்தான் படம். தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கணினியில் ஏற்றி, பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தும்படி இணையத்தில் போட்டோம். எப்படிப் பயன்படுத்துவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் வாக்கியமாக ஒன்று சொல்வேன்: "படத்தை நம்பாதீர்கள், கேள்வி கேளுங்கள்." நல்ல வாக்கியம். சொன்னவன்தான் சரியில்லை.

எல்லாருக்கும் பிடித்த தகடு ஒன்று இருந்தது. கரிசல் காட்டுக் களம். பருத்தி மலைபோல் குவிந்திருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருத்தியில் ஒட்டிய செத்தையைப் பொறுக்குகிறார்கள். பின்னால் ஒரு சிறு குன்று. உறையின் மேல் பென்சிலால் "குருவிகுளம் பக்கம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதனால் அந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இதைத்தான் கொடுத்தேன். வகுப்பில் காட்டுங்கள், பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்று அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்றேன்.

அடுத்த கூட்டத்தில் பலர் "பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள்" என்று முடித்துக்கொண்டார்கள். குருவிகுளம் டீச்சர் மட்டும் எழுந்து தான் செய்ததை விவரமாகச் சொன்னார். சாக்பீஸ் பெட்டி அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார். படத்தின் மேல் அந்த அட்டையை வைத்து, ஓட்டை வழியாகத் தெரிவதை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு பீரியடு முழுக்க யாரும் வாய் திறக்கக் கூடாது. மறுநாள்தான் பேச்சு. ஒரு பிள்ளை காது மட்டும் பார்த்தது, பாம்படம் தொங்கிய காதுகளை எண்ணியது. ஒருத்தன் நிழல்களைப் பார்த்து மத்தியானம் இல்லை என்றான். நான் எத்தனையோ முறை திரையில் பெரிதாக்கிப் பார்த்த படம் அது. அந்தப் பிள்ளைகள் கண்டதில் பாதிகூட நான் கண்டதில்லை.

பிறகு அவர் கேட்டார். "சார், ஒரு பிள்ளை கையை மட்டும் பாத்திருக்கா. இந்தப் பொம்பளைங்க எல்லாம் எடது கையாலல்லா பொறுக்குதாங்க? அது ஏன்னு கேக்கா. எனக்குச் சொல்லத் தெரியலை."

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தகட்டின் ஓரத்தில் மருந்து உரிந்திருந்தது. மருந்துப் பக்கம் ஸ்கேன் கருவியில் உரசி இன்னும் உதிர்ந்துவிடக் கூடாதே என்று நானே அதைப் புரட்டி வைத்தேன். இடவலம் மாறித்தான் பதிவாகும், பிறகு கணினியில் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் கரண்டு போயிற்று. வந்தபோது அடுத்த தகட்டை எடுத்துவிட்டேன். எல்லாம் நினைவுக்கு வந்தது. "தப்பு என்னுடையது, படம் திரும்பியிருக்கிறது" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அறை முழுக்க, ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களும் அவர்களின் மாணவர்களும். என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"வலது கை அன்னம் தொடும் கை. செத்தையில் புழு இருக்கும், பூச்சி இருக்கும். அதனால் இடது கையால் பொறுக்குவது அந்தக் காலத்து வழக்கம்."

எவ்வளவு பொருத்தமாக இருந்தது பாருங்கள். சொல்லி முடித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பேனாக்கள் ஓடின.

டீச்சர் உட்காரவில்லை. "எங்க ஊர்ல இன்னைக்கும் பொறுக்குதாங்க சார். சோத்துக் கையாலதான் பொறுக்குதாங்க. எங்க அம்மா பொறுக்கி நான் பாத்திருக்கேன்."

"டீச்சர், உங்க அம்மா சான்று இல்லை. இதுதான் சான்று" என்று திரையைக் காட்டினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், அம்மாவையும் ஸ்கேன் பண்ணிக் கொண்டாங்க!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் உட்கார்ந்து பேனாவை மூடினார். அவருடைய தாயார் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அத்தோடு போயிருந்தால் ஒரு பகல் பொய்யாக முடிந்திருக்கும். பயிற்சிக்கு ஒரு கையேடு தயாரித்தார்கள். அதில் இந்தப் படமும் என் விளக்கமும் சேர்ந்தன. அச்சுக்குப் போகும் முன் என்னிடம்தான் சரிபார்க்கத் தந்தார்கள். ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துக் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு வகுப்பைப் பார்வையிட அழைத்தார்கள். உற்சாகமான இளம் ஆசிரியர். படத்தைக் காட்டி, "ஏன் இடது கையால் பொறுக்கினார்கள்?" என்றார். வகுப்பு முழுக்க ஒரே குரலில், "வலது கை அன்னம் தொடும் கை, அதனால் இடது கையால் பொறுக்கினார்கள்" என்று பாடியது. ஒரு பிள்ளைகூடப் படத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து, சரியாகச் சொல்லிவிட்ட பெருமையில் சிரித்தார்கள். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியவன் நான். மனப்பாடம் செய்ய இன்னொரு பொய்யைக் கொடுத்திருந்தேன்.

அடுத்த பயிற்சியில் முதல் வேலையாக எழுந்து உண்மையைச் சொன்னேன். எதிர்பார்த்தபடி வானம் இடிந்து விழவில்லை. ஒருவர் மட்டும் வருத்தமாகக் கேட்டார். "என்ன அண்ணாச்சி, இப்ப வந்து சொல்லுதிய? எங்க ஸ்கூல்ல பரீட்சைக்கே கேட்டு மார்க் போட்டாச்சே!" எல்லாரும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். குருவிகுளம் டீச்சர் அன்று வரவில்லை. அந்தக் கூட்டங்களுக்கே அவர் வருவதை நிறுத்தியிருந்தார்.

திருப்பிச் சரிசெய்த படத்தையும் பழைய படத்தையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குருவிகுளம் தாண்டி உள்ளே அவருடைய பள்ளிக்கூடம். மானாவாரி நிலம், சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடந்தது. வராந்தாவில் நின்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முகத்தில் எதுவும் தெரியாமல் கேட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும் சார், நீங்க கட்டிவிடுதியன்னு. காரணம் மட்டுந்தான் தெரியாது. அது கிடக்கட்டும். இப்ப ஒரு சிக்கல் இருக்கு."

சொன்னார். கைகளைக் கவனித்த அந்தப் பிள்ளை இடதுகைக்காரி. இடது கையால் எழுதுவாள், இடது கையால்தான் எல்லாம். வீட்டில் சோற்றுத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அம்மா அடிப்பாள். தெருவில் நொட்டாங்கை என்று கூப்பிடுவார்கள். அதனால்தான் அட்டையின் ஓட்டையை அவள் கைகளுக்கு மேலேயே நகர்த்தியிருக்கிறாள். கையேடு வந்ததும் அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், கீழே இருந்த விளக்கத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும், "நம்ம ஆளுக எல்லாம் என்ன மாதிரிதான் வேலை பாத்திருக்காங்க, பொஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்று காட்டியிருக்கிறாள். அச்சில் வந்துவிட்டதே என்று அம்மா அடிப்பதை விட்டுவிட்டாள்.

"உங்க பொய்யிலதான் சார் அந்தப் பிள்ளை சோறு திங்கா."

"அப்போ அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா?" என்றேன். ஏறக்குறைய கெஞ்சினேன். அவர் என் கையிலிருந்த இரண்டு படங்களையும் வாங்கிக்கொண்டார்.

"சொல்லாம இருந்தா அவளையும் ஏமாத்துன மாதிரிதானே. ஆனா நீங்க சொல்லாண்டாம். நான் அவங்களையே பாக்கச் சொல்லுதேன்."

இரண்டு படங்களையும் வகுப்பில் கொடுத்தார். "மக்கா, ரெண்டுல ஒண்ணுதான் நெசம். எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். வாயத் தொறக்கப்பிடாது." அவ்வளவுதான். ஓர் ஓரமாக உட்கார்ந்து அந்த மௌனத்தைப் பார்த்தேன். எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன், ஆவணங்களை அப்படிப் பார்த்த கண்களை நான் கண்டதில்லை. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒருத்தன் படத்தைப் பார்த்தான், வெளியே பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். விதியை மறந்து கத்திவிட்டான்.

"டீச்சர், இது நம்ம பொத்தை!"

பொத்தை என்பது இந்தப் பக்கத்தில் சிறு குன்று. வகுப்பே வெளியே ஓடியது. ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் நின்ற அந்தக் குன்றுக்கு நேராக இரண்டு படங்களையும் தூக்கிப் பிடித்தார்கள். பழைய படத்தில் சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது. நான் திருத்திய படம் பாறைக்குப் பாறை பொருந்தி நின்றது. அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த மண் எங்கள் காலடியிலோ பக்கத்திலோ இருந்தது. தகட்டைப் புரட்டி வைத்த என் கை, இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்க் குன்றையே அடையாளம் தெரியாமல் செய்திருந்தது.

சரியான படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அந்த இடதுகைக்காரப் பிள்ளைதான். "அப்போ இவங்க எல்லாம் சோத்துக் கையா?" என்றாள். ஒருத்தன் சிரிக்கப் பார்த்தான். டீச்சர் திரும்பியதும் அடங்கினான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் தலையைக் குனிந்தேன். செய்ததையெல்லாம் திரும்பப் பெற முடியாதா என்று இருந்தது.

அவள் படத்தைக் கீழே வைக்கவில்லை. வரிசையில் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசிக்கு வந்து விரல் நின்றது.

"டீச்சர்! இவ நொட்டாங்கை!"

குனிந்து பார்த்தோம். வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஓர் இளம்பெண். அவளுடைய இடது கை பருத்திக்குள் இருந்தது. தவறான படத்தில் அவள் ஒருத்திதான் வலது கையால் பொறுக்கியிருந்தாள். அது வழக்கமான கையாகத் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை, கையேட்டைத் தயாரித்தவர்கள் கவனிக்கவில்லை, இந்தப் பிள்ளைகளும் கவனிக்கவில்லை.

"இவ பேரு என்ன சார்?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டாள்.

"தெரியாதும்மா."

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னைக்கும் இப்படிச் சொல்லியிருந்தா என்னவாம் சார்?"

கையேட்டைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். பழையது இன்னும் ஆசிரியர்களின் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேரன் வயதுடைய ஓர் ஆசிரியர் போன வாரம்கூட எனக்கே அதை அனுப்பிப் "பயனுள்ள தகவல்" என்று எழுதியிருந்தார். உட்கார்ந்து பதில் எழுதினேன். இனி என் காலம் முழுக்க இப்படிப் பதில் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

குருவிகுளம் டீச்சர் ஒரு நாள் போன் செய்தார். அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளிக்கு வந்தாளாம். கையேட்டில் இருந்தது பொய் என்று மகளே வீட்டில் சொல்லிவிட்டாள். டீச்சர் சரியான படத்தை எடுத்து அந்தக் கடைசிப் பெண்ணைக் காட்டியிருக்கிறார். அம்மா நெடுநேரம் பார்த்தாளாம்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"'பாவம், இவளும் எம்புட்டு அடி வாங்கியிருப்பா'ன்னு சொன்னா சார். சொல்லிட்டு அழுதா. இப்ப அடிக்கதில்லையாம்."

போனை வைத்த பிறகு, அந்தப் பெண்ணின் கையைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் தெரியாது. எந்த ஊர், யார் மகள், தெரியாது. பருத்திக்குள் பாதி புதைந்த அந்த இடது கையை மட்டும் எனக்குத் தெரியும்.