பூட்டு மாமாவின் இடது முழங்கால்

என் அக்கா வீட்டுக்காரர் கால்பந்து ஆடிச் சம்பாதித்தவர். இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றில் இடது பக்கத் தடுப்பாட்டம். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை என்பதால் மைதானத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். நான் மாமா என்பேன். கோபம் வந்தால் அக்காவும் பூட்டு என்பாள்.

தடுப்பாட்டக்காரர்களுக்குக் கோல் போடும் வேலை கிடையாது. மாமாவும் ஒன்றுகூடப் போட்டதில்லை. "போஸ்ட்மேன் என்ன லெட்டரா எழுதறார்?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்னரில் இருந்து வந்த பந்து அவர் தலையில் பட்டு உள்ளே போய்விட்டது. கோல் போட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று பார்த்திருக்கிறாரே தவிர, செய்து பழக்கமில்லை. கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் எம்பிக் குதித்தார். இறங்கும்போது பாதம் ஒரு பக்கமும் முழங்கால் இன்னொரு பக்கமும் திரும்பிக்கொண்டன. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போது, கோல் செல்லாது என்று நடுவர் கையைக் காட்டினார். எங்கள் ஆள் ஒருவன் கோல்கீப்பரைப் பிடித்துத் தள்ளியிருந்தானாம்.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சீசன் போகும் என்றார் டாக்டர். கிருமி புகுந்து இரண்டாவது தடவை கத்தி வைத்தபோது, "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால், பார்த்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடி. மாமா உட்கார்ந்த வாக்கிலேயே படி இறங்குவார். இடது தொடை வற்றிப்போய் என் கை அளவுக்கு ஆகிவிட்டது. அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரை மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவைக் கடப்பவர்களைப் பார்த்து, "ரொம்ப முன்னாடி வந்துட்டான், ஆஃப்சைடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் இடத்தில் ஆட வந்தவனை எல்லோரும் 'ரப்பர்' என்பார்கள். எப்படி விழுந்தாலும் துள்ளி எழுந்துவிடுவான். பழங்களோடு ஒரு நாள் பார்க்க வந்தான்.

"அண்ணே, நீங்க சீக்கிரம் வந்துடணும்."

"நான் வந்துட்டா நீ எங்கடா போவே?"

அவன் நன்றாக யோசித்தான். "தெரியலண்ணே" என்றான். மாமாவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

சும்மா இருக்கிறாரே என்று கிளப்பில் அவரை ரேடியோ வர்ணனையாளருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மாமாவுக்குப் பூசி மெழுகத் தெரியாது. "இது கோல்கீப்பர் தப்பு" என்றார். "இதுவும் அவர் தப்புதான்" என்றார். ரப்பரைப் பற்றிக் கேட்டபோது, "என்னைவிட நல்லா ஆடுறான்" என்றார். அக்கா அப்போது ஒரு கற்றுக்குட்டியோடு காரில் இருந்தாள். ரேடியோவை அணைத்தாள். வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்து அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாளாம்.

கால் தேறியது. தொடையில் சதை பிடித்தது. ஓடினார், திரும்பினார், பந்தை உதைத்தார். ஆனால் பயிற்சியில் எவனாவது பந்தோடு நேரே வந்தால் ஓரடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி. கிளப்பின் பிசியோ ஐம்பதைத் தாண்டிய அம்மா, அதிகம் பேசாதவர். "முட்டி ரெடி. நீங்கதான் ரெடியில்லை" என்றார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அக்கா கேட்டாள்.

"பயமா?"

"அதெல்லாம் இல்லை."

"பூட்டு, என்னைப் பார்த்துச் சொல்லு."

மாமா தட்டையே பார்த்தார். "விழுந்தப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு. காய்ஞ்ச குச்சி ஒடியற மாதிரி. யாராவது கிட்ட வந்தாலே அதுதான் காதுல கேக்குது."

அக்கா நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்த நேரத்தில் தண்ணீர் எடுக்கப் போகவேண்டியிருந்தது.

மறுநாள் அதையே பிசியோவிடம் சொன்னார். அந்த அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து அவர்மேல் மோதினார். மாமா விழுந்தார். "எந்திரிங்க" என்றார் அந்த அம்மா. மறுபடியும் மோதினார். வாரக்கணக்கில் இதுதான் வைத்தியம். கடைசியில் ஒருநாள் மாமா அசையாமல் நின்றுவிட, அந்த அம்மா விழுந்தார். மாமா பதறிப்போய்த் தூக்கிவிட்டார். "இப்ப போய் ஆடுங்க" என்றார் அவர், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

இதற்குள் கோச் மாறியிருந்தார். வேகம் குறைந்துபோன மாமாவை அவர் நடுவில் ஆடச் சொன்னார், ரப்பருக்குப் பக்கத்திலேயே. முதல் ஆட்டத்தில், முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் இறக்கினார். நானும் அக்காவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரணியின் மாட்டுவண்டி போன்ற ஓர் ஆள் பந்தோடு நேராக வந்தான். மாமா பின்வாங்கவில்லை. இடது காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு போனார். பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "எந்திரிச்சாரா?" என்றாள். எழுந்தார். காலை உதறிப் பார்த்தார். நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"தேங்க்ஸ் சார்" என்றார் மாமா.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நடுவர் தனியாக ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். ஆட்டத்தில் தோற்றுப்போனோம். அக்கா வழியெல்லாம் அழுதுகொண்டே கார் ஓட்டினாள், இண்டிகேட்டர் போடத் தவறாமல்.

அதற்குப் பிறகு நாலு சீசன் ஆடினார். ரப்பர் முதல் டிவிஷனுக்குப் போய்விட்டான். மாமாவை யாரும் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து, "போதும்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது கிளப்பில், காயம்பட்டுக் கிடக்கிறவர்களைப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. "வலிக்குதா?" என்பார். வலிக்கிறது என்றால், "ஆமா, வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பையன்கள் அவரைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள்.