நோக்கம் எழுதப் போன கதை

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் எனக்கு ஒரே வேலைதான். திட்டங்களின் ஒப்பந்தங்களையும், சங்கங்களின் சட்டவிதிகளான யாப்புகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது. அதிலும் 'நோக்கம்' என்று தொடங்கும் முதல் பிரிவில்தான் என் பிடிவாதம் எல்லாம். யாருக்காக, எதற்காக, எது இதற்குள் வராது என்பதெல்லாம் அங்கேயே தெளிவாக இருக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பேன். நோக்கம் தெளிவில்லாத யாப்பு படலை இல்லாத வளவு மாதிரி. ஆடும் வரும், மாடும் வரும், கொஞ்ச நாளில் அதுதான் வழமையான பாதை என்றும் ஆகிவிடும். கந்தோரில் இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். வைக்கட்டும், எனக்கென்ன?

ஓய்வு பெற்றுக்கொண்டு புத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தபோது, இனி ஒரு யாப்பும் எழுதுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். விட்டார்களா?

என் முன்வீட்டுக்காரர் வெங்காயம் செய்கிற கமக்காரர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது ஒருமாதிரிப் பஸ்ஸில் போய்விடுவார். திரும்பி வரும்போது தலை சுற்றும், கால் நிற்காது. ஒருநாள் பஸ்ஸால் இறங்கியவர் தெருவோரமே இருந்துவிட்டார். பெண்சாதி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த எங்கள் ஊரவர் ஒருவர் அதைக் கண்டார். திரும்பிப் போய், அங்குள்ள எங்கள் ஊர்ச் சனத்தைச் சேர்த்து, ஊருக்கு ஒரு வெள்ளை வான் வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்போது ஊரில் இன்னொரு அம்மாவுக்கும் அதே வருத்தம். இந்த இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வரத்தான் அந்த வான் வந்தது. அது ஊரில் குஞ்சு குருமானுக்கும் தெரியும்.

வானைப் பொறுப்பெடுக்கச் சங்கம் வேண்டும், சங்கத்துக்கு யாப்பு வேண்டும். என்னைச் செயலாளராக்கினார்கள். யாப்பை வாசித்து ஏற்றுக்கொள்ள ஒரு நல்லநாள் பார்த்து வாசிகசாலையில் கூடினோம். அந்த நல்லநாளில் முன்வீட்டுக்காரரும் பெண்சாதியும் ஆஸ்பத்திரியில்.

நான் எழுதிய முதல் வசனத்தை வாசித்தேன். "சிறுநீரக நோயாளரை இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று திரும்பக் கொண்டுவருவதே இவ்வாகனத்தின் நோக்கமாகும். இத்தேவை இல்லாத வேளைகளில் மட்டுமே வேறு பணிகளுக்குக் கொடுக்கப்படும்."

தலைவர் எழுபது கடந்த மனிதர், நல்லவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்குறம். முதல் வசனத்திலையே வருத்தத்தின்ரை பேரே? சகுனப்பிழையெல்லே?"

"பிள்ளையார் உதுக்கெல்லாம் கோவிக்கமாட்டார் அண்ணை," என்றேன். நான் மெதடிஸ்த குடும்பம். ஆனாலும் பிள்ளையாரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

சிரித்தார்கள். சிரித்துவிட்டு வசனத்தில் கை வைத்தார்கள். வருத்தத்தின் பெயரை எடுத்தாயிற்று. ஒருவர் 'முதியோர்' என்று சேர்க்கச் சொன்னார். கோயில்காரர் 'ஆன்மீகம்' வேண்டுமென்றார். பாடசாலைப் பழைய மாணவர் விளையாட்டை விடக்கூடாதென்றார். ஒருவருடைய மனமும் நோகக் கூடாதல்லவா, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். முடிவில் என் வசனம் 'கிராம மக்களின் நலனோம்பலும் சமூக, கலாசார, ஆன்மீக மேம்பாடும்' என்று ஆகிவிட்டது. அதற்குள் ஒரு வான் என்ன, ஒரு கப்பலே போகலாம்.

"இதிலை அந்த ரெண்டு பேரும் எங்கை?" என்று கேட்டேன்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே," என்றார் பொருளாளர். "எங்களுக்குள்ளை எழுதித்தான் நடக்கோணுமே? ஆர் குத்தியும் அரிசியானால் சரி."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களின் குணம் இது. காணி உறுதியில் எல்லை வேலிக் கதியாலுக்கு வழக்குப் பேசுவார்கள், உயிர்போகிற விசயத்தில் 'எங்களுக்குள்ளை எதுக்கு எழுத்து' என்பார்கள். கை உயர்த்தச் சொன்னபோது என் கை மட்டும் உயரவில்லை. ஆனாலும் செயலாளர் நான்தானே, அந்த வசனத்தை என் கையாலேயே எழுதி வைத்தேன்.

முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் வான் வந்து ஒழுங்கையில் நின்று கோண் அடிக்கும், அவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு ஏறுவார். மற்ற அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டதால் பிறகு அவர் ஒருவர்தான். ஒரு மனிதனுக்கு இவ்வளவு பெரிய வானா என்று அப்போதே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது.

ஆவணி பிறந்தது. ஒருநாள் விடிய அவர் மனைவி என் படலையைத் தட்டினாள்.

"அக்கா, வான் வரேல்லை. கோயில் ஆக்களை ஏத்திக்கொண்டு கீரிமலைக்குப் போட்டுதாம்."

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். மனிதர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "யாப்பிலை ஆன்மீகம் எண்டு இருக்குதெல்லே தங்கச்சி? நீங்கள்தானே எழுதினது." இருக்கிறது, என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அவர்கள் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தார்கள். பின்னேரம் அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருவதை என் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிட ஆத்திரம்தான் கூட வந்தது.

அதன்பிறகு சாமத்தியவீடு, துடுப்பாட்டம், செத்தவீடு, யாரோ பெரியவரின் வருகை என்று வானுக்கு ஓய்வே இல்லை. எல்லாம் நலனோம்பல். ஒருமுறை மழைக்குள் பஸ்ஸும் தவறி, அவர் போகாமலே விட்டார். அடுத்தநாள் மூச்சுவிட முடியாமல் போக, ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தார்கள். பிழைத்து வந்தார். அடுத்தமுறை இப்படி விட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

இனியும் பொறுப்பதில்லை என்று யாப்புத் திருத்தம் ஒன்றை எழுதினேன். பழைய வசனத்தையே திரும்பப் போட்டேன். வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டேன். "ஓம் ஓம், கட்டாயம். மனுசன்ரை உயிரெல்லே," என்று எல்லோரும் தேத்தண்ணியும் தந்து அனுப்பினார்கள். முன்வீட்டில் மட்டும், "பாப்பம் அக்கா," என்றாள் அவள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பொதுக்கூட்டத்தில் வாசிகசாலை நிறைந்திருந்தது. திருத்தத்தை வாசித்தேன். ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. தலைவர்கூட இறங்கி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சம்பந்தப்பட்ட ஆக்கள் இருக்கினம்தானே. அவை ஒரு சொல்லுச் சொன்னால் நாங்கள் மாத்திப்போட்டுப் போறம்."

எல்லோரும் முன்வீட்டுக்காரரின் மனைவியைப் பார்த்தார்கள். எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"இருக்கிறபடியே இருக்கட்டும் ஐயா. எங்களுக்கு ஒரு குறையுமில்லை."

தேத்தண்ணி தந்து அனுப்பியவர்களெல்லாம் இப்போது மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

அவளோடு இனிக் கதைப்பதில்லை என்று வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே வந்துவிட்டாள், குசினிக்குள்.

"கோவிக்காதையுங்கோ அக்கா."

"கோவிக்காமல்? உன்ரை புருசனுக்காக நான் நாயாய் அலைஞ்சிருக்கிறன். உனக்கென்ன விசரே?"

"மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு," என்றாள். "கனடா மாப்பிள்ளை. முற்றாகும் வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு இருந்தனாங்கள். தேப்பனுக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டவை. பிரசர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம். கிட்னி எண்டு தெரிஞ்சால் பரம்பரையோ எண்டு கேப்பினம், பிள்ளைக்கும் வருமோ எண்டு கேப்பினம். சங்கத்திலை தும்மினாலும் பேஸ்புக்கிலை போடுகினம். மாப்பிள்ளை பகுதி அதைத்தான் துருவிக்கொண்டிருக்கினமாம்."

"ஊருக்கே தெரிஞ்ச விசயமடி இது."

"உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடேலாதுதான். வாயாலை வாறதை இல்லையெண்டு சொல்லலாம் அக்கா. எழுதிப்போட்டால் என்னெண்டு சொல்லுறது?"

நான் விடவில்லை. வருத்தத்தின் பெயரைப் போடாமல் 'நோயாளர்' என்று மட்டும் எழுதுகிறேன் என்றேன். உத்தியோகத்தில் இப்படி எத்தனை சிக்கலை ஒரு சொல்லால் அவிழ்த்திருக்கிறேன்.

"கிழமைக்கு ரெண்டு தரம் வானிலை போற நோயாளர் இந்த ஊரிலை வேற ஆர்?" என்று கேட்டாள்.

அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளிவிட்டேன்.

"அவர்தான் சொன்னவர்," என்றாள். "வாசிகசாலைக்கு வெளிக்கிடேக்கை கையைப் பிடிச்சுச் சொன்னவர். நீ ஓம் எண்டு சொல்லிப்போடாதை, பிள்ளையின்ரை காரியம் முடியட்டும் எண்டு."

அவள் அழவில்லை, நானும் அதற்குமேல் ஏசவில்லை. அடுப்பில் பொங்கி வழிந்த பாலை இறக்கி வைத்தேன். போகும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கும் வான் இல்லை அக்கா. கலியாணவீட்டுக்குப் போகுது. விடியப் பஸ் அண்டைக்கு மாதிரித் தவறிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. சந்தியிலை அந்த நேரம் நிக்கிறது ஒரு ஓட்டோதான். அவன் எங்கடை ஊரில்லை, மாப்பிள்ளை பகுதிக்குச் சொந்தம். நான் கூப்பிட்டால் கிளறுவான். நீங்கள் ஒருக்காச் சொல்லுறியளே?"

"ஆஸ்பத்திரியிலை இறக்கினால் தெரிஞ்சிடுமே?"

"பஸ் ஸ்டாண்டிலை இறக்கிவிடட்டும். அங்கையிருந்து மெல்ல நடந்து போறம்."

"வரேக்கை?"

"வரேக்கை பஸ்ஸிலை வாறம்."

அவள் போன பிறகு ஓட்டோக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்வீட்டுக்காரரையும் மனைவியையும் விடிய ஏற்றிப்போய் யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில் இறக்கச் சொன்னேன்.

"செய்யலாம் அன்ரி," என்றான் அவன். "என்ன அலுவலாப் போகினம், இவ்வளவு வெள்ளண?"

"ஒண்டுமில்லைத் தம்பி," என்றேன். "சும்மாதான்."