பாட்டிலில் நான் போட்ட கோடு

ஸ்பிரிட்டில் அரக்கு ஊறும் வாடை முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் லேசாக இனிக்கும், கடைசியில் கண்ணைக் கரிக்கும். நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில், கிழக்கேகோட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சின்ன வீட்டில் சோற்றில்கூட அந்த வாடைதான் அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அம்மாவுக்கோ அது ஆகவே ஆகாது.

அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். குடிகாரர் என்று சொல்ல எனக்கு இப்போதும் நா எழவில்லை, ஆனால் அதுதான் உண்மை. மாசி மாதம் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "இனி ஒரு துளி வாயில பட்டா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு திருநெல்வேலிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்." அப்பா நிறுத்தினார். நான்கு மாதம் தொடவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் மட்டும் அவர் கை நடுங்கத் தொடங்கும். அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான், ஆசாரி புதிதாகச் செய்து மாட்டிவிட்டுப் போன சமையலறை அலமாரியின் ஆறு அயனி மரக் கதவுகளுக்கும் தானே "பாலிஷ்" போடுவதாகச் சொன்னார்.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் இல்லாமல் முடியாது. அதைக் குடித்துக் கண் போனவர்களைப் பற்றிச் சாலைக் கடைத்தெருவில் கேள்விப்படாதவர்கள் இல்லை. அப்படிப்பட்ட ஒன்று குடியை விட்டவர் வீட்டுக்குள் வந்தது. அம்மா யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அங்கே நான் மையால் ஒரு கோடு போட வேண்டும். நான் அப்பாவின் செல்ல மகள் என்பதால், "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்று என்னைக் கேலியும் செய்தாள்.

உப்புத்தாள் கொண்டு இழைத்து, தவிட்டு நிறப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசியதும் மஞ்சள் அயனி தேக்காக வேஷம் கட்டிக்கொண்டது. அதன்மேல் பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அரக்கில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தேய்க்கும்போது கை நடுங்காது. "இந்தக் கைக்கு இது மதி, மக்ளே. இது போதும், வேறொண்ணும் வேண்டாம்" என்றார் ஒரு நாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

ஆனால் மழைக்காலத்தில் யாராவது பாலிஷ் போடுவார்களா? ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால், ஈரக்காற்று பட்டு, மோரை ஊற்றியதுபோல ஆறு கதவுகளும் வெளுத்துக் கிடந்தன. "எல்லாம் வெறுதே ஆயிட்டு, வீணாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா தரையில் உட்கார்ந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பாலிஷ்காரர்தான் வழி சொன்னாராம்: வெயில் அடிக்கிற நேரம் பார்த்து, வெறும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் வெள்ளை போய்விடும். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வெயிலே வரவில்லை. அந்த ஒன்பது நாளும் அப்பா உட்பட நாங்கள் மூவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தாம் நாள் மதியம் வெயில் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில், அம்மா ரேஷன் கடையில். அப்பா லாட்ஜிலிருந்து ஓடி வந்திருக்கிறார். நான் திரும்பியபோது வாசலிலேயே வாடை அடித்தது. சமையலறைத் தரையில் அப்பா, சட்டையெல்லாம் நனைந்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். நான் கதவுகளைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருந்தது. அரிசிப் பையோடு வாசலில் நுழைந்த அம்மாவிடம் ஓடிச் சொன்னேன்.

"பாக்கியம், நான் கதவத்தான் தொடச்சேன். வந்து பாரு, அஞ்சு சரியாயிட்டு, ஒண்ணுதான் பாக்கி" என்றார் அப்பா. இதற்கு முன் எத்தனையோ முறை சத்தியம் செய்தவர் அவர். அம்மா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள், பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினாள். "நல்லவேளை, நீ கவனிச்ச" என்று என் தலையைத் தடவினாள்.

சாப்பாட்டு டப்பாவை எடுக்கச் சமையலறைக்குப் போனபோதுதான் நான் கதவுகளைப் பார்த்தேன். ஐந்து கதவுகள் செம்பழுப்பாக மின்னின. ஆறாவது மட்டும் வெள்ளை. அப்பா மடியில் ஈரத் துணி. எனக்கு எல்லாம் விளங்கியது. நான் சொல்லவில்லை. அம்மா அப்படித் தலையைத் தடவி வெகுநாள் ஆகியிருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. தம்பானூர் வரை அப்பா எங்கள் பின்னாலேயே வந்தார். பேருந்து கிளம்பும்போது மறுபடி மழை, அவர் கையில் குடையில்லை.

பதினைந்து நாள் கழித்து மாமா எங்களைக் கொண்டுவந்து விட்டார். பாட்டில் காலியாகக் கிடந்தது, ஆறாவது கதவு அப்படியே வெளுத்திருந்தது. அதன் பிறகு அப்பா குடியை நிறுத்தவே இல்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் அந்த அலமாரியைக் கழற்றினோம். இப்போது வருகிற கதவுகள் தொழிற்சாலையிலேயே மினுக்கப்பட்டு, எந்த வாடையும் இல்லாமல் பெட்டியில் வருகின்றன. கழற்றுவதற்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பாட்டில் ஸ்பிரிட் வாங்கி வந்து, அந்த ஆறாவது கதவைத் துடைத்தேன். முப்பது வருஷத்து வெள்ளை கரைந்து போயிற்று. பாட்டிலில் முக்கால் விரல் இறங்கியிருந்தது; அந்தக் கணக்கில் ஐந்து கதவுக்கு நாலு விரல்தான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், அன்று நான் கண்டதைச் சொன்னேன்.

"தெரியும்ட்டி. நானுந்தான் பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டா பெட்டிய எடுத்த?"

"தெனமும் அந்தக் கோட்டப் பாத்துப் பாத்து எனக்கு மதியாயிட்டு. என்னைக்காவது குடிக்கத்தான் போறாரு, அது இன்னைக்கே ஆயிட்டுன்னு வச்சுக்கிடுவோம்னு தோணிச்சு."

துணியை என் கையிலிருந்து வாங்கி, கதவின் மூலையில் நான் விட்டிருந்த இடத்தை அவளே துடைத்தாள்.