வாதியில் காக்கைக்குச் சோறு

ஜெபல் அலி கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஃபஹாஹீலில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அரபு நாடுகளில் எங்கும் நிலைக்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கடைசியில் ஆறு காக்கிற வேலை கிடைத்தது. ஆறு என்றால் வாதி. மலைகளுக்கு நடுவே, மழை பெய்தால் மட்டும் ஓடும். ஆடும் ஒட்டகமும் புகாதபடி வேலி போட்டு, அதன்போக்கில் விட்டிருந்தார்கள். நாங்கள் வேலியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியூர்ச் செடி முளைத்தால் பிடுங்க வேண்டும்.

இலந்தை தானாக முளைத்தது. தண்ணீர் தங்கிய பள்ளங்களின் ஓரம் அரளி பூத்தது. நரியின் கால்தடம் தெரிந்தது. கவுதாரிகள் கற்களுக்கிடையே முட்டையிட்டன. ஆபீஸ்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் இருந்தது, டியூட்டி இருந்தது.

என்னோடு ரூமில் இருந்தவன் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். அவன் அப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்ததைப் போனில் பார்த்தான். அதிலிருந்து அமாவாசை தோறும் குளித்து, சமைத்து, பாறைமேல் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிடுவான். காக்கை தொடாமல் அவன் சாப்பிட மாட்டான். முதலில் எதுவும் வரவில்லை. பட்டினியாகவே வேலைக்கு வந்தான். பிறகு டவுன் குப்பைமேட்டிலிருந்து ஒன்று வந்தது. அடுத்தடுத்த மாதங்களில் கூட்டமாக வந்தன.

"அண்ணே, அப்பா வந்துட்டாருண்ணே."

"தனியா வரலடா. சம்பந்தி வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்காரு."

அவன் சிரித்தான். அன்றைக்குத்தான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

காக்கைகள் திரும்பிப் போகவில்லை. கவுதாரி முட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டன. போகிற இடமெல்லாம் உடைந்த ஓடு கிடந்தது. ஃபோர்மேன் கம்பிக் கூண்டோடு வந்தார். பாகிஸ்தான்காரர்.

"பாய், யே கவ்வா இதர் கா நஹி ஹை. சப் பகடோ. கலாஸ்."

இந்த ஊர்ப் பறவை இல்லை, எல்லாவற்றையும் பிடி, அவ்வளவுதான்.

"நாளைக்கு அமாவாசைண்ணே. ஒரு நாள் தள்ளி வைங்க," என்றான் அவன்.

"இன்னைக்கே வைக்கச் சொல்லிட்டாரு."

"எங்கப்பாவுக்கா கூண்டு வைக்கிறீங்க?"

"டியூட்டிடா," என்று குப்பூஸ் ரொட்டித் துண்டுகளைக் கூண்டுக்குள் போட்டேன்.

விடிந்தபோது கூண்டு நிறைந்திருந்தது. தப்பிய சில காக்கைகள் கிட்டே வரவில்லை. அவன் குளித்து, சமைத்து, பாறைமேல் சோறு வைத்துக் கூப்பிட்டான். குரல் கம்மும்வரை கூப்பிட்டான். வெயில் ஏறியது. பாறையில் இருந்த சோற்றை அள்ளிக்கொண்டு கூண்டருகே போய், கம்பி வழியே உள்ளே போட்டான். அவை சிறகடித்து ஒதுங்கின. பிறகு ஒன்று வந்து கொத்தியது. அவன் கும்பிட்டான்.

"வாங்கண்ணே, சாப்பிடலாம்."

சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கூண்டை எடுத்துப்போக வந்த பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது. கூண்டின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். மறுபக்கத்தை அவன் பிடித்தான். தூக்கி ஏற்றினோம்.