‘இருக்கு’ என்ற சொல்

எங்கள் லேபில் ‘இருக்கு’ என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. எச்ஐவி, மஞ்சள்காமாலை, டெங்கு, எதற்காக ரத்தம் எடுத்தாலும் ‘இல்ல’ என்றால்தான் ஜனங்களுக்குப் போன உயிர் திரும்பி வரும். ‘இருக்கு’ என்று வந்த நாளில் எனக்கே சோறு இறங்காது.

பனித்திட்டிலிருந்து கிருமாம்பாக்கம் தெருக்களுக்கு மீன் விற்க வரும் ஒருத்தியோடு எனக்கு எப்போதும் வாய்ச்சண்டை. நேற்றைய மீனை இன்றைய மீன் என்பாள். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். அவள் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தத்தில் மஞ்சள்காமாலை பி கிருமி இருந்தது. அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றிவிடலாம். மகள் பிறந்த உடனே ஊசிகள் போட்டார்கள். அடுத்தடுத்த தவணைகளுக்கும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியபோது, ஊசி பலித்ததா என்று பார்க்க ரத்தம் எடுத்தோம். கிருமி இருக்கிறதா என்று ஒரு சோதனை. கிருமியைத் தடுக்கும் ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறதா என்று இன்னொன்று. மறுநாள் சோதனைத் தட்டைப் பார்த்தால், கிருமிக்கான குழியில் நிறமே இல்லை. ஆன்டிபாடிக்கான குழி பளிச்சென்று மஞ்சளாகியிருந்தது. தினமும் பார்க்கிற வேலைதான், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் சொல்ல வேண்டியது. முந்திரிக்கொட்டை மாதிரி நானே வெளியே ஓடி, பெஞ்சில் காத்திருந்தவளிடம், "இருக்குடி!" என்றேன்.

அவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, "இத்தினி ஊசி போட்டும் பூந்துடிச்சாக்கா?" என்றாள்.

"அய்யோ, கிருமி இல்லடி! அத்த எதிர்த்து நிக்கிற சக்தி இருக்கு. இனிமே அது ஒம் பொண்ணுகிட்ட அண்டாது."

"இன்னாக்கா சொல்ற? இருக்கறது நல்லதா?"

என்னை நம்பவில்லை. டாக்டர் வந்து அதையே பொறுமையாகச் சொன்ன பிறகுதான் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயெல்லாம் மீன் வித்தா ஒரு மத்தி கூடப் போவாதுக்கா. ஒழுங்கா ஒரு வார்த்த சொல்லத் தெரியுதா?" என்றாள்.

பிறகு வாசலுக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். தெருவில் வஞ்சிரம் கூவுகிற அதே குரல்.

"இருக்குயா! நம்ம பொண்ணுக்கு இருக்கு!"

ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும், ஐயோ பாவம் என்று அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.