வெயிலில் வைத்த ஃபில்டர்

என் அப்பா ஏசி மெக்கானிக். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. செங்கம் ரோட்டு விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் குளிர்காற்று வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அதில் எனக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. வேங்கிக்காலில் அத்தை வீட்டுக்கு ஏசி வந்தபோதும் நான் பொறாமைப்படவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த ஏசியைச் சுத்தம் செய்யப் போவார். என்னையும் பைக்கில் கூட்டிப்போவார். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை மகளுக்குப் பதினொன்று. பைக் சத்தம் கேட்டதுமே அவள் ஓடிவந்து அப்பாவின் டூல்ஸ் பையை வாங்கிக்கொள்வாள். “ஏசி பிரேக்கரை எறக்கி கரண்டை நிறுத்திட்டேன் மாமா” என்பாள், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட்டின் மூடியை அப்பா கழற்றியதும் ஹோஸைப் பிடிப்பது அவள் வேலை. தண்ணீரை வேகமாக அடித்தால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அவள் கட்டைவிரலை வைத்து மட்டுப்படுத்தி, பதமாக விடுவாள். புழுதியும் புறா இறகும் கரைந்து ஓடும். “என் அசிஸ்டெண்ட் இருக்கும்போது எனக்கென்ன கவலை” என்பார் அப்பா. என்னை அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை நான் ஹோஸைப் பிடுங்கி அப்பாவின் சட்டையை நனைத்ததோடு என் உதவி முடிந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்னி நட்சத்திர வெயில். படுக்கையறையில் இருந்த மெஷினிலிருந்து இரண்டு ஃபில்டர்களையும் உருவி அவளிடம் கொடுத்த அப்பா, “கழுவி நிழல்ல காய வெச்சிடு. வெயில் பட்டா வளைஞ்சிடும்” என்றார். அவள் கழுவி, மொட்டைமாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு மோர் கொண்டுவரக் கீழே போனாள். நான் இரண்டையும் எடுத்துப்போய் கொதிக்கும் தரையில், நல்ல வெயிலில் பரப்பினேன்.

அரைமணி நேரத்தில் இரண்டும் அப்பளம்போல் வளைந்துவிட்டன. அப்பா எப்படித் திருப்பிப் பார்த்தும் மெஷினுக்குள் நுழையவில்லை.

“யாரு இதை வெயில்ல வெச்சது?” என்றார். குரலை உயர்த்தவில்லை.

நான் தரையைப் பார்த்தேன். அத்தை மகள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒருமுறைதான். பிறகு, “நான்தான் மாமா. மறந்துட்டேன்” என்றாள்.

“சரி விடு கண்ணு, வேற வாங்கி மாட்டிக்கலாம்” என்றார் அப்பா. ஆனால் அது ஹாலில் டீவி பார்த்துக்கொண்டிருந்த அத்தையின் கணவர் காதில் விழுந்துவிட்டது. நாங்கள் வந்தால் தலையை மட்டும் அசைக்கிற மனிதர் அன்று எழுந்து வந்தார்.

“ஒரு வேலைகூட ஒழுங்கா செய்யத் தெரியாதா ஒனக்கு? இனிமே இது பக்கம் கை வெச்சே, தெரியும் சேதி” என்று மகளிடம் சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். “அடுத்த மாசத்துலேருந்து கடை ஆளுங்களையே வரச்சொல்லிடறேன். ஒனக்கும் எதுக்கு வீண் அலைச்சல்?”

சமையலறை வாசலில் நின்ற அத்தை உள்ளே போய்விட்டார். அப்பா “சரிங்க” என்றார்.

செருப்பு மாட்டும்போது அத்தை மகள் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, “நீதான்னு தெரிஞ்சா மாமா ரொம்ப வருத்தப்படுவாரு. அதான்” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அப்பாவின் வருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட இவள் யார்?

பைக் கிளம்பியதும் அப்பாவின் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டேன். இனி ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மட்டும்தான். தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் ஓடிவந்துகொண்டிருந்தாள். அப்பா தகடுகளைத் தேய்க்கும் பிரஷ்ஷை அங்கேயே விட்டுவிட்டார்போலும். அது அவள் கையில் இருந்தது. அதைக் கொடுத்து இன்னொரு பாராட்டு வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அப்பா நின்றிருப்பார். அவள் கூப்பிடவே இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, மூச்சிரைக்க, கேட்டைத் தாண்டி வெகுதூரம் ஓடிவந்து, பிறகு நின்றுவிட்டாள். மாமா என்று அவள் கத்தினால் அந்த வீட்டு ஹாலில் இருக்கும் அவள் அப்பாவரைக்கும் கேட்டுவிடும் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.